இல்லாத உலகத்துக்குத் தடையின்மைச் சான்று

தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பணிமனைப் படியில் வழுக்கி விழுந்து இடது கால் முறிந்ததில், மூன்று மாதம் கட்டிலை விட்டு அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷம் ஓடிக்கொண்டே இருந்த மனிதர் ஒரே அறையில் கிடந்தால் என்ன செய்வார்? மின்விசிறி சுற்றுவதில் குற்றம் கண்டார். தையல் மிஷின் சத்தத்தில் குற்றம் கண்டார். கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சாப்பாடே வேண்டாம் என்றார். அப்போதுதான் தையல்காரம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நூலகத்திலிருந்து ஒரு மாயாஜால நாவலைக் கொண்டுவந்து சத்தமாக வாசித்தாள். டிராகன் வந்ததும் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கொடுங்கோல் அரசாங்கம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டே மாதத்தில் நூலகத்திலிருந்த டிராகன், சூனியக்காரி, பாழாய்ப்போன எதிர்காலம் எல்லாம் தீர்ந்துவிட்டன.

"புதுசா ஏதாவது வந்திருக்கா சார்?" என்று நூலக எழுத்தரிடம் கேட்டாள்.

"பதினாலு வந்திருக்கும்மா. அதோ." பூட்டிய கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "ஆனா நடைமுறை மாறிடுச்சு. படிவம் பதினேழு நிரப்பணும்."

இளைஞர்கள் இருண்ட எதிர்கால நாவல்களைக் கையில் பிடித்துப் படமெடுத்து இணையத்தில் போடுவது நாகரிகமாகிவிட்டதாம். சிலர் பிரித்துப் படிக்கவும் செய்கிறார்களாம். நிலைமையைக் கூர்ந்து கவனித்த மேலிடம், 'இல்லாத உலகங்களை இரவல் வழங்குதலை முறைப்படுத்தும் பிரிவு' ஒன்றைத் தோற்றுவித்திருந்தது.

படிவத்தின் முதல் கேள்வி: 'விண்ணப்பதாரர் தற்போது வசிக்கும் உலகில் காணும் குறைகள் யாவை?'

"என்ன சார் எழுத?"

"'எதுவுமில்லை'ன்னு எழுதுங்க. குறைன்னு எழுதினா அது புகார்ப் பிரிவுக்குப் போயிடும்."

எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் நிதானமாகப் படித்துப் பார்த்தார். "குறையே இல்லைன்னா இன்னொரு உலகம் எதுக்குன்னு மேல கேப்பாங்களே" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் கண்காணிப்பாளரைப் பார்த்தாள். "நீங்க கேக்குற புஸ்தகத்துல டிராகன் வருதும்மா. மிருகம்னா கால்நடைத் துறை, நெருப்புன்னா தீயணைப்புத் துறை. ரெண்டு பேர்கிட்டயும் தடையின்மைச் சான்று வாங்கிட்டு வாங்க."

கால்நடை மருத்துவர், தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டார்.

"அது இல்லாத மிருகம் சார்."

"இல்லைன்னு நான் நேர்ல பார்த்துதானே எழுத முடியும்? கூட்டிட்டு வாங்க."

சரி, டிராகன் இல்லாத புத்தகமாகவே கொடுங்கள் என்று பிரிவு அலுவலரிடம் போய் நின்றாள். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதெல்லாம் கெட்ட அரசாங்கத்தைப் பத்தின கதைம்மா. அது நம்ம அரசாங்கம் இல்லைன்னு உறுதி செய்யணும். அஞ்சு பேர் குழு ஒப்பிட்டுப் படிச்சுக்கிட்டிருக்கு."

"எப்போ சார் முடியும்?"

"ஒரு வித்தியாசம் கிடைச்சாப் போதும், கையெழுத்துப் போட்டுடுவாங்க. இதுவரைக்கும் கிடைக்கல."

வெறுங்கையோடு வீடு திரும்பினாள். வீட்டுக்காரர் அவள் கையைப் பார்த்தார். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, எப்போதோ படித்த நாவல் என்று சொல்லிக்கொண்டு அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஒரு தேசத்துல ஒரு பொம்பளை, படிக்க ஒரு புஸ்தகம் வேணும்னு கேட்டுப் போனாளாம்..."

டிராகனைக் கூட்டி வரச் சொன்ன இடத்தில் அவர் திரும்பிவிட்டார். குழு வந்ததும் தட்டை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு காலையில் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல், சாயங்காலம் கதை. இரண்டாம் வாரத்தில் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் கேட்க வந்தார். மூன்றாம் வாரத்தில் மாடிவீட்டு டீச்சர் நாற்காலியோடு இறங்கி வந்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றார் டிரைவர், "ஆனா எழுதினவன் கொஞ்சம் மிகைப்படுத்துறான். எந்த ஊர்லயாவது இப்படி நடக்குமா?"

"இந்த வகை நாவலே அப்படித்தான் சார். நம்பற மாதிரி இருக்காது" என்றார் டீச்சர்.

கால் கட்டு அவிழ்த்த அன்று எல்லோரும் முடிவைக் கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் புத்தகம் கிடைத்ததா?

"கோப்பு மேல போயிருக்கு. அத்தோட கதை முடிஞ்சுது."

எலெக்ட்ரீஷியனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தேசத்து ஜனங்க ஒருத்தர்கூடவா ஏன்னு கேக்கல?"

"இல்லண்ணே. சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வரிசையில நின்னாங்க."

"சூடு சொரணை கெட்ட ஜனங்க" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "சரி தங்கச்சி, நான் வரேன். காலையில அஞ்சு மணிக்கே போய் டோக்கன் வாங்கணும்."

"எதுக்குண்ணே?"

"தெரியல. நாளைக்குக் கடைசி நாளாம்."

டீச்சர் பதறிப்போய் மாடிக்கு ஓடினார். டிரைவர், புதுசாய் ஊன்றிய காலோடு, தனக்கும் சேர்த்து ஒன்று வாங்கிவரச் சொன்னார். தையல்காரம்மா இரண்டு பேருடைய அடையாள அட்டை நகலையும் தேடி எடுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தாள்.