எச்சரிக்கை சாரும் சோதனைச் சாவடியும்

மனைவியைப் பரீட்சையில் பெயிலாக்கியே தீருவது என்று எச்சரிக்கை சார் முடிவெடுத்தது பல் துலக்கும்போது. மற்றவர்களுக்கு எப்படியோ, அவருக்கு வாய் நிறைய நுரை இருந்தால்தான் வீரம் வரும்.

பட்டப்பெயர் வந்த கதை சின்னது. சண்டையும் கலவரமும் ஓயாத நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் தேறியாக வேண்டும். வேலைக்கு அனுப்புகிற நிறுவனம், தேறாதவர்களை விமானத்தில் ஏற்றாது. அந்தப் பயிற்சியைக் கொடுப்பவர் இவர். எங்கே போகக்கூடாது, எதைப் படம் பிடிக்கக்கூடாது, எல்லையில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அத்துப்படி. ஒரே ஒரு குறை, அந்த நாடுகளின் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. குடும்பத்தோடு படகு சவாரிக்குப் போனால்கூடக் கரையில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று பகல் முழுக்க ஊருக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தானே அதைச் செய்கிறவள். அவள் மணி அடித்தால் எச்சரிக்கை சார் கதவைப் பாதி திறந்து குறுக்கே நிற்பார்.

"ஏன் லேட்டு?"

"பஸ் வரலைங்க."

"பையில என்ன?"

"காய்."

"தெருமுனையில யாரோ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு."

"நான் சிரிக்கலைங்க."

அது உண்மைதான். அவள் சிரித்து வெகு காலமாகிறது. பதில்கள் திருப்தியாக இருந்தால் மீதிக் கதவும் திறக்கும். இதற்குப் பெயர் அக்கறை என்று எச்சரிக்கை சார் மனதார நம்பினார்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தக் குண்டு விழுந்தது. அவருடைய வகுப்பிலேயே ஆக மோசம் என்று பேர் வாங்கிய நாட்டில், காயம்பட்டவர்களுக்காக நடக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க ஆள் தேவை. மனைவி அவரிடம் கேட்காமல் மனுப் போட்டிருக்கிறாள். அவர்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரே மகள் போனில், "அப்பா, அம்மாவை விடுங்கப்பா, போயிட்டு வரட்டும்" என்றாள்.

மகள் முன்னால் வில்லனாக அவருக்கு மனமில்லை. "நான் என்ன தடுக்கவா போறேன்? பயிற்சியில பாஸாகட்டும், நானே வண்டி ஏத்தி விடறேன்" என்று தாராளமாக அள்ளி விட்டார். பாஸ் போடுகிற கை தன் கைதானே என்ற தைரியம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் ஓர் ஓரத்தில் இருந்தது, நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற ஓரங்களிலெல்லாம், சட்டைக்கு யார் இஸ்திரி போடுவது என்ற பயம் இருந்தது.

பரீட்சை வரைக்கும் போவானேன், பயமுறுத்தியே உட்கார வைத்துவிடலாம் என்று முதலில் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தார்.

"அங்க இருட்டினப்புறம் வெளிய தலை காட்ட முடியாது, தெரியுமா?"

"இங்க மட்டும் காட்டறேனா?"

"போன்ல பேசறதை ஒட்டுக் கேப்பாங்க."

"பக்கத்துல உக்காந்தா, தூரத்துல இருந்தா?"

எச்சரிக்கை சார் சோற்றைப் பிசைந்தார். "எதைப் பத்தியும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. சொன்னா தொலைஞ்சே."

"போன மாசம் இந்த ஜன்னல் துணி நல்லா இல்லைன்னு ஒரு அபிப்பிராயம் சொன்னேன். நீங்க எத்தனை நாள் பேசாம இருந்தீங்க?"

"எறங்கின உடனே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சுக்கறவனும் இருக்கான்."

"என் பாஸ்போர்ட் இப்ப எங்க இருக்கு?"

அது அவருடைய பீரோவில், அவருடைய பூட்டுக்கு உள்ளே இருந்தது. "பத்திரமா இருக்கட்டும்னுதானே வெச்சிருக்கேன்" என்றார்.

"அவனும் அதைத்தான் சொல்லுவான்."

கடைசி ஆயுதத்தை எடுத்தார். "கடத்திட்டுப் போயிடுவாங்கடி."

"கடத்தினா சமையல் அவங்க பொறுப்புதானே?" என்று அவள் அவருக்கு மோர் ஊற்றினாள். அவர் அன்றைக்குச் சாப்பிட்டது செரிக்கவே இல்லை.

ஆக, பரீட்சைதான் வழி. அவளை மற்றவர்களோடு கடைசி வரிசையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அடிபட்டவனைத் தூக்குவது, கூட்டத்திலிருந்து விலகுவது, எல்லாவற்றையும் அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பரவாயில்லை, இன்னும் சோதனைச் சாவடி இருக்கிறது என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சோதனைச் சாவடி என்பது பயிற்சி நிலையத்துக்குப் பின்னால் இருந்த மண் தரை. இரண்டு பீப்பாய், நடுவே ஒரு தடுப்புக் கம்பு. பயிற்சிக்கு வந்தவர் காரில் வருவார். எச்சரிக்கை சார் பச்சைச் சட்டை போட்டு, மரத் துப்பாக்கி மாட்டி, குடித்த காவலாளி போலக் கத்துவார். அவர் என்ன கத்தினாலும் கையை மறைக்கக்கூடாது, வாதாடக்கூடாது, அழக்கூடாது, தாழ்ந்த குரலில் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். மனதை எங்கேயோ வைத்துக்கொண்டு கண்ணை வெளியே போகும் வழியில் வைக்க வேண்டும். அவள் முறைக்கு முன்னால் வந்த டாக்டர், "நான் யாரு தெரியுமா?" என்று கேட்டுத் தோற்றுப்போனார். நிலையத்தின் மேலாளர் அம்மா குடை நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி வந்த கார் நின்றது. எச்சரிக்கை சார் கூரையில் ஓங்கித் தட்டினார்.

"எறங்கு. எங்கேருந்து வர்றே?"

"வேலையிலிருந்து."

"ஏன் லேட்டு?"

"வண்டி கிடைக்கலைங்க."

பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். சீப்பு, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா எல்லாம் மண்ணில் விழுந்தன. அவள் குனியவில்லை. இரண்டு கைகளும் தெரிகிற மாதிரியே நின்றாள்.

"டப்பாவுல என்ன?"

"காலி டப்பாங்க."

"எதுக்கு எதிர்த்துப் பேசறே?"

"இல்லைங்க."

இவ்வளவு நேரத்துக்குள் டிரைவர்கள், என்ஜினியர்கள், பெரிய பெரிய ஆட்களெல்லாம் வெடித்திருக்கிறார்கள். எச்சரிக்கை சாருக்கு வேர்த்தது. வழக்கமான வசனத்தை விட்டுவிட்டு, வாயில் வந்ததைப் பேச ஆரம்பித்தார். "உனக்கெல்லாம் எதுக்கு வேலை? ஒரு காரியம் உருப்படியாச் செய்யத் தெரியுமா? நீ எதுக்குத்தான் லாயக்கு?"

"நீங்க சொன்னா சரிங்க."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். சாம்பலில் தண்ணீர் தெளித்த மாதிரி சூடே இல்லாத குரல். உப்புக் குறைந்தால் அந்தக் குரல், கதவு பாதி திறந்தால் அந்தக் குரல், மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று அவரே முடிவு செய்த அன்றைக்கும் அந்தக் குரல். பணிவு என்று நினைத்திருந்தார். கட்டியவனிடம் வைத்த மரியாதை என்று நாலு பேரிடம் பெருமை அடித்திருந்தார். அவளுடைய கண் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தார். அது அவருடைய தோளுக்கு மேலே, தடுப்புக் கம்பின் மேல் இருந்தது.

துப்பாக்கியைத் தாழ்த்தினார். மேலாளர் காதில் விழாதபடி, "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அதில் நடிப்பு இல்லை.

காவலாளி உருகிப் பேசினாலும் பதில் சொல்லக்கூடாது என்பது பாடம். அவள் சொல்லவில்லை.

"போதும் சார், கம்பைத் தூக்குங்க" என்றார் மேலாளர் அம்மா.

அவர் நின்றுகொண்டே இருந்தார். "சார், கம்பு" என்று மறுபடி குரல் வந்தது. எச்சரிக்கை சார் போய்த் தன் கையாலேயே கம்பைத் தூக்கினார். அவள் சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, காரில் ஏறாமல், கம்பின் கீழே நடந்தே அந்தப் பக்கம் போனாள்.

மேலாளர் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை. எங்கம்மா பழகினீங்க?"

"வீட்லதான் மேடம். சார்தான் தினமும் பழக்குவார்."

மேலாளர் அம்மா எழுந்து வந்து எச்சரிக்கை சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லா வீட்டுக்காரரும் உங்களை மாதிரி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும் சார்." அவர் பல்லைக் காட்டினார். வேறு என்ன செய்வது?

பாஸ்போர்ட்டை அவரே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. புறப்படும் அன்றைக்கு அவர் வாசலில் நின்றார், குறுக்கே இல்லாமல் சற்று ஒதுங்கி. கர்வத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கேட்டார்.

"நிஜமாவே கேக்கறேன். அங்க உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒரு நம்பர் குடுத்திருக்காங்க. கூப்பிட்டா எந்த நேரமா இருந்தாலும் வந்து வெளிய கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்." பெட்டியின் கைப்பிடியை இழுத்துச் சரி செய்தாள். "இங்க அப்படி ஒரு நம்பர் யாரும் குடுக்கலைங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது கத்தியிருப்பார். அவள் பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவர் சட்டை அன்றைக்கே கசங்கித்தான் இருந்தது.

அன்றைய பரீட்சையை மேலாளர் அம்மா தன் போனில் படம் பிடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இனி ஒவ்வொரு வகுப்பிலும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. படத்தில் காவலாளியின் முதுகு மட்டும்தான் தெரியும், கம்பு தூக்குவதற்குள் படம் முடிந்துவிடும். எச்சரிக்கை சார் விளக்கை அணைத்துவிட்டு, திரையில் தான் கத்துவதைச் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார். நேற்று படம் முடிந்ததும், வெளிநாட்டு முகாமில் சமைக்கப் போகிற ஒரு பெண் முன் வரிசையிலிருந்து கை தூக்கினாள்.

"அந்த ஆளு பேசறதைக் கேட்டாலே நடுங்குது சார். பாவம், அந்தம்மா தப்பிச்சாங்களா?"

எச்சரிக்கை சார் விளக்கைப் போட்டார்.

"தப்பிச்சுட்டாங்கம்மா" என்றார்.