நைனாவின் ஏரியை நான் ஒழுங்கு பண்ணிய கதை

நான் ஒழுங்கானவள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அலமாரியோ, அஞ்சறைப் பெட்டியோ, அடுத்தவர் மேசையோ, கலைந்து கிடந்தால் என் கை சும்மா இருக்காது. இந்தக் கையால் கெட்ட காரியங்கள் பல. அதில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. லினக்ஸ் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற ஒன்றுதான் லினக்ஸ். அதில் உள்ளே ஓடுவது ஒன்றுதான், ஆனால் திரையில் தெரிகிற முகத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஐகான்கள் எங்கே நிற்கும், பட்டை மேலேயா கீழேயா என்பதையெல்லாம் தீர்மானிக்கிற அந்த முகத்துக்கு டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்று பெயர். பத்துப் பதினைந்து வகை இருக்கிறது. நான் வாரத்துக்கு ஒன்று மாற்றுவேன். (மாற்றிவிட்டு அதில் என்ன வேலை செய்தாய் என்று கேட்காதீர்கள். மாற்றுவதுதான் வேலை.)

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு சின்னக் குப்பம். அங்கே ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. மீன்படுகிற இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, ஒரு வலைக்கு ஓர் இடம் என்று ஒதுக்குவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்தை ஒட்டிய பாடுதான் ராஜா. இறால் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மேற்கே இருப்பது சேத்துப் பாடு, வெறும் சேறு. அங்கே வலையைக் கழுவி எடுத்து வரலாம், அவ்வளவுதான்.

எங்கள் குப்பத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டு எடுத்தவர் அதை ஒரே ஒருவரிடம்தான் காட்டுவார். காட்டியதும் சீட்டை ஏரியில் போட்டுவிட வேண்டும். பாடு அறிவிக்கிற நாள் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. முன்னாடியே தெரிந்தால் பேரமும் தகராறும் வரும் என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. அந்த ஒரே ஒருவர் என் நைனா. பதினெட்டு வருஷம் அவர் நோட்டில் எழுதியதுதான் தீர்ப்பு. அவரை நம்பாதவர் குப்பத்தில் கிடையாது.

பிறகு நைனாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்திக்கும் ஞாபகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுத மட்டும் முடியாது. ஊர் அவரை விடவில்லை. ‘சீட்டைப் பாக்கக் கண்ணு போதும்’ என்றார்கள். அப்போதுதான் நான் எங்கள் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ஊருக்குப் பஸ் ஏறினேன். அதில் லினக்ஸைப் போட்டு, முப்பத்தொரு வலைக்காரர் பெயரிலும் முப்பத்தொரு கோப்புகளை உண்டாக்கித் திரையில் வைத்தேன். நைனாவுக்குப் பிடிக்குமே என்று பின்னணியில், முகத்துவாரம் வரை தெரிகிற மாதிரி மேலிருந்து எடுத்த ஏரியின் படத்தையும் போட்டேன். இடது கையால் கோப்பைத் திறந்து எண்ணைத் தட்டிக்கொள்வார் என்பது என் திட்டம். மகள் கடமை முடிந்தது என்று மறுபடி பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வருஷம் சீட்டுப் போட்ட வாரத்தில் நாலு நாள் லீவில் வந்தேன். நைனாவோடு இருப்பதற்காகத்தான் வந்தேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. கோணிப்போன அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. வாய் நிறையக் கத்தி ஊரைக் கூட்டுகிற மனுஷன் அவர். அதனால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

திரையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. முப்பத்தொரு ஐகான்களும் திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. ஒன்று அந்த மூலையில், நாலு நடுவில், இரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறை. திறந்து பார்த்தால் ஒரு கோப்பிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. பாவம், கை நடுங்கி இழுத்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சரி, இந்த முகமே வேண்டாம், நைனாவுக்கு அழகான ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று முடிவு செய்தேன்.

அன்று முழுக்கத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று கனம் அதிகம், ஒன்றுக்கு நிறம் சரியில்லை, ஒன்றில் எழுத்து பொடி. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு நொட்டை சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசியில் ஒன்று பிடித்தது. திரையில் ஒரு ஐகான்கூட இருக்காது, துடைத்து வைத்த தட்டு மாதிரி. போட்டுவிட்டேன். பழையதைப் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, ஆகவே பழைய அமைப்புகள் அத்தனையையும் தேடிப் பிடித்து அழித்தேன். பிறகு நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இந்த வியாதியில் தொட்டதற்கெல்லாம் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். (முந்தின நாள் டிவியில் சோப்பு விளம்பரத்துக்கும் அழுதார்.) அம்மாதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அவரு அத்தக் கேக்கலடி. பழசையே போட்டுக் குடு” என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே பழைய முகத்தைத் திரும்பப் போட்டேன். ஏரிப் படத்தையும் வைத்தேன். ஐகான்கள் இந்த முறை இடது ஓரத்தில், அகர வரிசையில், மேலிருந்து கீழாக நூல் பிடித்த மாதிரி வந்து நின்றன. ‘தானாக வரிசைப்படுத்து’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் நான் ஒரு டிக் போட்டிருந்தேன். ஒன்றும் தொலையவில்லை, முப்பத்தொன்றும் பத்திரம், கூடவே ஒழுங்கு.

நைனா இடது கையால் மவுஸைப் பிடித்தார். வரிசையில் கடைசியில் இருந்த வேலாயுதம் என்ற கோப்பைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். ஏரியைத் தாண்டி, முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அது சட்டென்று ஓடிப்போய்ப் பழைய இடத்தில் நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி ஓடிப்போய் நின்றது. மூன்று தரம், நாலு தரம். நான் சிரித்தேன். “நைனா, இனிமே நீ இன்னா பண்ணாலும் கலையாது” என்றேன்.

இந்த வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்தச் சிதறல்தான் பாடு. சிதறிக் கிடந்தது ஐகான் அல்ல, வலை. ஒவ்வொருவர் காட்டிய சீட்டையும் மனதில் வாங்கிக்கொண்டு வந்து, படத்தில் அந்தந்த இடத்தில் அந்தந்தப் பெயரை இழுத்து வைத்திருக்கிறார். இரண்டு நாள் வேலை. அது ஊரில் ஆண்களுக்கெல்லாம் தெரியும். போன வருஷமும் அப்படித்தான் அறிவித்தார்கள். பாடு விஷயத்தில் பெண்கள் தலையிடக் கூடாது என்பதால் எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது. தலையிடாமலே என்னால் இவ்வளவு முடிந்தது.

மறுநாள் காலை பாடு அறிவிப்பு. ஊர்த் தலைவரும் வலைக்காரர்களும் எங்கள் வீட்டு வாசலில் கூடினார்கள். தலைவர் உள்ளே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, எல்லாரும் கரையேறிக்கினாங்க?”

“கலஞ்சி கெடந்துச்சி தலைவரே. வரிசையா போட்டுட்டேன்.”

“அப்போ மேலருந்து படிச்சா பாடு வரிசையா? மொதல்ல கீறவருக்கு முகத்துவாரமா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் முப்பது ஆம்பிளைகள் நிற்கிறார்கள், நான் கம்ப்யூட்டர் படித்தவள், அந்த மெஷினைக் கொண்டுவந்ததே நான். தலையை ஆட்டி, “ஆமா” என்றேன்.

தலைவர் படித்தார். முதல் பெயர் அர்ஜுனன். நைனாவின் கூடப்பிறந்த தம்பி, என் சித்தப்பா.

கூட்டத்திலிருந்து வேலாயுதம் மாமா முன்னால் வந்தார். ஊர் முறைக்குத்தான் எனக்கு மாமா, நைனா அவருக்கு மச்சான். நாலு வருஷமாக அவருக்கு நல்ல பாடே விழவில்லை. பையனைக் காலேஜில் சேர்த்துவிட்டு அந்தப் பருவத்தை நம்பித்தான் இருந்தார்.

“மொகத்துவாரம் எனக்கு விழுந்துது. மச்சான் கிட்ட காட்டிட்டுத்தான் தண்ணில போட்டேன்” என்றார்.

உடனே இன்னும் நாலு பேருக்கு, தங்களுக்கும் முகத்துவாரம்தான் விழுந்தது என்று ஞாபகம் வந்துவிட்டது. அர்ஜுனன் சித்தப்பா கத்தினார்: “எனக்கு வுழுந்தது சேத்துப் பாடுய்யா. இந்த எடம் எனக்கு வேணா.” ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து நடிக்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நைனா கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார். எல்லாரும் பார்க்க மவுஸைப் பிடித்து, வேலாயுதத்தை முகத்துவாரத்துக்கு இழுத்தார். அது ஓடிப்போய் வரிசையில் நின்றது. மறுபடி இழுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“சண்டை போட்டப்புறம் மாத்துறாரு பாரு” என்றார் ஒருவர்.

வேலாயுதம் மாமா ஆத்திரத்தில் சொன்னார்: “வாய்தான் போச்சி. களவாணித்தனம் போகல.”

நைனா மவுஸிலிருந்து கையை எடுத்தார். நான் வாசலுக்கு ஓடினேன். பெண்கள் வரக் கூடாத கூட்டத்தின் நடுவில் நின்று, தப்பு என்னுடையது, நைனா சரியாகத்தான் வைத்திருந்தார், நான்தான் டெஸ்க்டாப்பை மாற்றினேன், இது வெறும் அகர வரிசை என்று சொன்னேன். ‘டெஸ்க்டாப்புனா இன்னா?’ என்று கேட்டார்கள். விளக்கினேன். முகம் மாறும், உள்ளே இருப்பது மாறாது என்றேன். நைனாவைப் பற்றி அவர்கள் நினைத்ததும் அதேதான் என்பதால், அந்த விளக்கம் எங்களுக்குச் சாதகமாக வேலை செய்யவில்லை.

மறு சீட்டுப் போட்டார்கள். இந்த முறை தலைவரே சத்தமாகப் படித்தார். முகத்துவாரம் யாருக்கு விழுந்தது தெரியுமா? அர்ஜுனன் சித்தப்பாவுக்கு. நிஜமாகவே விழுந்தது. கடவுளுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. விழுந்த பாட்டை மாற்றிக்கொள்ளவும் வழக்கமில்லை. வேலாயுதம் மாமாவுக்குச் சேத்துப் பாடு. அந்தப் பருவம் முழுக்கச் சித்தப்பா இறாலை அள்ளினார், ஒருவரும் அவரோடு பேசவில்லை. வேலாயுதம் மாமா காசிமேட்டுக்குக் கூலிக்குப் போனார்.

அடுத்த வருஷம் சீட்டுப் பார்க்கிற வேலை வேறு ஒருவருக்குப் போனது. நைனாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கூப்பிடவுமில்லை. அவர் அந்த மவுஸைத் திரும்பத் தொடவே இல்லை. நான் மாதம் இருமுறை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ‘மன்னிச்சிடு நைனா’ என்பேன். இடது கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அது மன்னிப்பா, ‘சும்மா இரு’வா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது வருஷம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பேனர் அடித்தோம். ‘கண்ணீருடன்’ என்று போட்டு, கீழே ஊர்க்காரர் பெயர்கள். அம்மா சொன்னபடி வேலாயுதம் மாமா பெயரை நான் மூன்றாவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். பிரிண்ட் கடைக்காரர் என்ன நினைத்தாரோ, மொத்தத்தையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். (இதைச் சொன்னால் இன்றும் எங்கள் வீட்டில் நம்ப மாட்டார்கள்.)

வேலாயுதம் மாமா வந்தார். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வாசலை அவர் மிதித்தது அன்றுதான். பேனர் முன்னால் நின்று மேலிருந்து கீழே வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதையும் நீதான் ஒழுங்கு பண்ணியா?”

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு அம்மா சிரித்தாள். வெள்ளைப் புடவையில், முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பாதியில் அது அழுகையாகிவிட்டது. மாமா அசையாமல் நின்றார்.

“மச்சான் எங்க இழுத்தாருன்னு பாத்தேன்மா. சரியாத்தான் இழுத்தாரு. அன்னிக்கே தெரியும் எனக்கு.”

“அத்த அவரு உசுரோட கீறப்ப வந்து சொல்லியிருக்கலாமே மாமா” என்றேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

“சொல்லிட்டேனே அப்பிடி ஒரு வார்த்த. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?”

எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் ஒரே காலையில், ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னவர்கள். என்னுடையது ‘ஆமா’.

இன்றும் எங்கள் வீட்டில் நான் துடைப்பத்தை எடுத்தாலே, “தோ, ஒழுங்கு பண்ண வந்துட்டா, அவங்கவங்க சாமானப் பத்திரமா வச்சிக்கங்க” என்று சித்தப்பா எழுந்துவிடுவார். கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதும் வேலையை யாரும் என்னிடம் கொடுப்பதில்லை.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. ஏரிப் படமும் முப்பத்தொரு கோப்புகளும் அப்படியே. அந்த டிக்கை எடுத்துவிட்டேன். முகத்துவாரத்தில் வேலாயுதம், மேற்கே சேற்றில் அர்ஜுனன். மற்ற இருபத்தொன்பது பேரின் இடம் நைனாவுக்கு மட்டும்தான் தெரியும், அவர்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். அம்மா எப்போதாவது என் வீட்டுக்கு வந்தால் தூசி தட்டிவிட்டு அதைப் போடச் சொல்வாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். நான் மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், பட்டென்று என் கையில் ஒரு தட்டு விழும்.

“வேலாயுதத்தத் தொடாதடி. உங்க நைனா வச்ச எடம்.”