பின்னறைத் தாழ்ப்பாள் போர்

வாழ்க! கடல் கடந்து வந்து குடியேறிய குலத்தின் தலைமகளும், கல்லூரி இரண்டாமாண்டில் கணக்கைக் கலங்கடித்தவளும், காதில் கருவி செருகியிருப்பதால் அன்னையின் ஆயிரம் அழைப்புக்கும் அசையாத மலைநெஞ்சினளும், பின்னறை என்னும் பத்தடிப் பேரரசின் முடிசூடா அரசியுமான நம் நாயகி வாழ்க! அவள் வேண்டியது மண்ணன்று, பொன்னன்று. மூடினால் மூடியபடி நிற்கும் ஒரு கதவு. அதற்காக மூண்ட பெரும்போரைப் பாடப் புகுந்தேன். மூடிய கதவுகளின் பின்னே உறையும் தேவதையே, என் நாவில் வந்தமர்க. வரும்போது தட்டிவிட்டு வருக.

எதிரணியில் நின்றவள் அன்னை. மடித்த துணி என்னும் தேரேறி வருவாள், நறுக்கிய பழத்தட்டு என்னும் கேடயம் தாங்கி வருவாள், ஒன்றும் வாய்க்காத நாளில், "இங்க கத்திரிக்கோல் இருக்கா?" என்ற ஒற்றை அம்பை எய்தபடி வெறுங்கையோடு புகுவாள். போகும்போது கதவை அகலத் திறந்துவிட்டுப் போவாள். மகள் மூட, தாய் திறக்க, தாய் திறக்க, மகள் மூட, சூறாவளியில் சிக்கிய பாய்மரமாய்ப் படபடத்த அக்கதவின் கீல்கள் இரு தரப்புக்கும் பொதுவாக அழுதன. பொறுத்துப் பார்த்த நாயகி, சுண்டுவிரல் பருமனில் ஒரு தாழ்ப்பாளை வாங்கித் தன் கையாலேயே முடுக்கினாள். கண்டாள் அன்னை, ஈரேழு உலகும் அதிர முழங்கினாள்:

"யாருக்குடி தாழ்ப்பாள்? நாங்க என்ன திருடங்களா?"

"என் ரூமும்மா அது!"

"ரூம் உன்னுது. கதவு என்னுது!"

கிடங்கில் பெட்டியடுக்கும் பெருந்தோளரான தந்தை, அன்னையின் ஆணையேற்று, காய் நறுக்கும் கத்தியால் அத்தாழ்ப்பாளைத் தாக்கினார். கத்தி முனை ஒடிந்து வீரமரணம் எய்தியது. தச்சர் வரவழைக்கப்பட்டார்.

இங்கேதான் அறிவிற் சிறந்த அப்படைத்தலைவர்கள் சறுக்கினார்கள். அந்நாட்டு மொழியில் தந்தை அறிந்த சொற்கள் சரி, நன்றி, நாளை என்பன. அன்னைக்கு அவற்றிலும் ஒன்று குறைவு. வங்கியாயினும் பல் மருத்துவராயினும், வாடகைக்கு விட்டவரோடு வாய்ச்சண்டையாயினும், அவர்களுக்கு வாய் நாயகிதான். ஆகவே பழக்க தோஷத்தில், பகைவனிடமே வாளைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னதைப்போல், அன்னை அவளையே ஏவினாள்:

"இனி இந்தக் கதவை யாராலயும் பூட்ட முடியாதபடி பண்ணணும்னு அவர்கிட்ட சொல்லு."

நாயகி சொன்னாள். ஒரு சொல்லும் சிந்தாமல், ஆனால் தலைகீழாகச் சொன்னாள்.

தச்சர் கோட்டைவாயிலுக்கே தகும் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்தார். தந்தை "சரி" என்றார். துளைப்பொறி மதயானையாய்ப் பிளிறியது. "சரி, சரி" என்றார்.

அன்னைக்கு மட்டும் புருவம் நெரிந்தது. "ஏண்டி, கழட்டச் சொன்னா மாட்டுறாரே?"

"பழசைக் கழட்டுனா ஓட்டை தெரியும்லம்மா. அதை மறைக்கிற தகடு."

தந்தை தச்சருக்கு நன்றி கூறி விடைகொடுத்தார். 'நாளை' என்னும் பேரம்பு எய்யப்படாமலே தூணியில் தங்கிற்று.

ஆயினும் ஐயம் நீங்காத அன்னை, தகட்டைச் சோதிக்கப் பின்னறை புகுந்தாள். கதவைச் சாத்தினாள். தகட்டிலிருந்த இரும்புக்கோலைத் தள்ளிப் பார்த்தாள். இரும்பு இரும்போடு சேர்ந்து ஒலித்தது. வெளியே துவைக்கும் இயந்திரம் அலறியது; "டீ என்னாச்சு?" என்று தந்தையின் சங்கொலி எழுந்தது. உள்ளே அவை எங்கோ அயல்தேசத்துக் கலவரம் போல் தேய்ந்து கேட்டன. கரை இறங்கிய நாள்முதல் அன்னை இப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. மகளின் கட்டிலில் அமர்ந்தாள். பிறகு சாய்ந்தாள்.

வென்ற நாடு கண்முன் பறிபோவதை உணர்ந்த நாயகி, இரு கையாலும் கதவை முரசெனக் கொட்டினாள்.

"அம்மா! தொற! என் ரூமும்மா அது!"

உள்ளிருந்து அவசரமே இல்லாத குரல் வந்தது.

"ரூம் உன்னுது. கதவு என்னுது."

அன்று பாத்திரமெல்லாம் மகள்தான் கழுவினாள்.