பாதிக்கு மேல் போன வெள்ளரிப் பிஞ்சு

எதையும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, கடைசிப் பக்கம்வரை கரைத்துக் குடித்தவளைப் போலப் பேசும் தைரியம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. கல்லூரியில் அதை வைத்துத்தான் தேறினேன். நேர்முகத் தேர்விலும் அதுதான் கைகொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே தைரியம் என் மானத்தையும் கம்பெனி மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டது.

ஓசூரில் மத்திகிரியைத் தாண்டி ஓர் ஊறுகாய் ஏற்றுமதிக் கம்பெனி. ஊறுகாய் என்றதும் எண்ணெய் மிதக்கும் மாங்காயை நினைத்துவிடாதீர்கள். எங்கள் சரக்கு விரல் நீள வெள்ளரிப் பிஞ்சு. வினிகரில் ஊறவைத்து டிரம்மில் அடைத்துக் கப்பலேற்றுவோம். வெளிநாட்டில் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்பார்களாம். (நம் ஊரில் யாரும் வாயில் வைப்பதில்லை. ஒருமுறை வீட்டுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். "கெட்டுப்போச்சுடி" என்று அம்மா அதைச் செடியில் ஊற்றினாள். செடியும் போய்விட்டது.)

ஏற்றுமதிப் பிரிவில் நான் புதிது. ஆனாலும் சிங்காரப்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் சூசை சித்தப்பாவிடம், "கம்பெனியே விதை கொடுக்கும், கம்பெனியே வாங்கிக்கும், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று பேசிப் பேசி, கேழ்வரகு போட்டிருந்த காட்டில் வெள்ளரியைப் போடவைத்துவிட்டேன். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர், கடல் கடந்த ஒரு பணக்கார நாட்டு அம்மையார், அடுத்த வருட ஒப்பந்தம் பேச நேரில் வந்தார். கூடவே பெங்களூரிலிருந்து அவருடைய ஏஜென்ட். ஏஜென்ட் எங்கள் முதலாளியிடம் கன்னடத்திலும் அம்மையாரிடம் ஆங்கிலத்திலும் பேசினார். முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் கம்பெனியிலும் தெலுங்கு.

"ஏம்மா, நம்ம பெருமைய கொஞ்சம் எடுத்துச் சொல்லு. அந்தம்மா அசந்துபோவணும்" என்றார் முதலாளி.

இது போதாதா எனக்கு? திரையில் கணக்குப் படம் போட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "உங்கள் நாடு இறக்குமதி செய்யும் வெள்ளரிப் பிஞ்சில் இப்போது பாதிக்கும் மேல் எங்கள் நாட்டிலிருந்துதான் வருகிறது! கூடிய சீக்கிரம் முழுவதும் நாங்களே!"

முதலாளி கைதட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாதிக்கும் மேலா? உறுதியாகத் தெரியுமா?"

"நூற்றுக்கு நூறு உறுதி" என்றேன்.

"அப்படியானால் வரிச் சலுகை போய்விடுமே" என்றார் அவர்.

விஷயம் இதுதான். வளரும் நாடுகளிலிருந்து வரும் சில சரக்குகளுக்கு அந்த நாட்டில் இறக்குமதி வரி கிடையாது. எங்கள் பிஞ்சு அங்கே விலை போனதே அதனால்தான். சலுகை விதியின் முதல் பக்கத்தில் அவ்வளவுதான் இருந்தது. நானும் அவ்வளவுதான் படித்திருந்தேன். ஒரு நாடு ஒரு சரக்கில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டால், 'நீதான் வளர்ந்துவிட்டாயே, இனி உனக்கு எதற்கு ஒத்தாசை' என்று அந்தச் சரக்குக்கு வரி போட்டுவிடுவார்கள் என்பது பின்னால் எங்கேயோ இருந்ததாம். நான் அசத்துவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் சோற்றில் நானே மண்ணைப் போட்டு, அதைப் படமாகவும் காட்டியிருக்கிறேன்.

"வரி வந்தால் இந்த விலைக்கு நான் வாங்க முடியாது. வேறு நாட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார் அம்மையார்.

"ஏன்ட்டம்மா இதி?" என்றார் முதலாளி. தெலுங்கு வந்துவிட்டது.

என் கண்முன் சித்தப்பாவின் காடு வந்து நின்றது. கணக்கைத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. எங்கள் நாட்டுப் பங்கில் வெள்ளரியோடு வினிகரில் போட்ட மிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறேன். அவர்கள் நாட்டு மொத்தத்தில் வெள்ளரியை மட்டும் எடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் போகாமல் என்ன செய்யும்?

"மேடம், தப்பு நடந்துபோச்சு. அதில் மிளகாயும் இருக்கிறது" என்றேன். "நாங்கள் அவ்வளவு பெரிய ஆள் இல்லை."

முதலாளியும் அவசரமாக எழுந்தார். ஆசியாவிலேயே பெரிய கம்பெனி என்று காலையில் மாலை போட்டு வரவேற்றவர், "ரொம்பச் சின்ன கம்பெனி மேடம். ஏதோ பிழைப்பு ஓடுது" என்று கையைப் பிசைந்தார்.

அம்மையார் யோசித்தார். "சரி, பயிர் எந்த வேகத்தில் பெருகுகிறது என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்."

கார் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது முதலாளி என் காதருகே குனிந்தார். "அங்க எல்லாம் கம்மியாத் தெரியணும். புரியுதா?"

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது போனபிறகு தெரிந்தது. வெளிநாட்டு அம்மா வருகிறார், காட்டைப் பார்க்கக் கேட்டாலும் கேட்பார் என்று நான் முன்தினம் சொன்னதை வைத்து, மனிதர் ஊரையே திரட்டியிருந்தார். காட்டு வழி நெடுகப் பெண்கள் முறம் முறமாகப் பிஞ்சை ஏந்தி நின்றார்கள். மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. சித்தப்பா தலைக்கு மை அடித்து, வெள்ளை வேட்டியில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"சொல்லு பாப்பா, இந்தப் பக்கம் ஒரு காடு பாக்கியில்ல, எல்லாம் பிஞ்சுதான்னு சொல்லு!"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "சிலர் மட்டும் சும்மா போட்டுப் பார்க்கிறார்களாம்."

"அடுத்த வருசம் ரெண்டு மடங்கு போடறோம்னு சொல்லு!"

"அடுத்த வருடம் சந்தேகம்தானாம். வயதாகிவிட்டதாம்."

"எங்க ஊருப் பிஞ்ச அடிச்சுக்க ஒலகத்துல ஆளில்லைன்னு சொல்லு!"

"சுமாரான பிஞ்சுதான் என்கிறார்."

அம்மையார் முறங்களைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெங்களூர் ஏஜென்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, அண்ணன் அவ்ளோ ஆசையாச் சொல்றாரு. ஒண்ணையாச்சும் சரியாச் சொல்லிடுங்களேன்."

தமிழ்! "உங்களுக்குத் தமிழ்..."

"எங்கம்மா சேலங்க."

(ஓசூரில் இருந்துகொண்டு எதிராளிக்கு எந்த பாஷை தெரியாது என்று முடிவு கட்டுகிறவளைவிட முட்டாள் உண்டா?)

சித்தப்பா முகம் மாறியது. "ஏ பாப்பா, நான் சொன்னதுக்கு நீ என்னா சொன்ன?"

"உங்களுக்கு வயசாயிடுச்சாம், அடுத்த வருசம் முடியாதாம்" என்று ஏஜென்ட் உதவி செய்தார்.

"எனக்கா? நாப்பத்தஞ்சு ஒரு வயசா?" சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். நான் தடுப்பதற்குள் ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அம்மையார் முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விறுவிறுவென்று நடந்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

"இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார் அம்மையார்.

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்த மனிதர் சொன்னது எல்லாம் நிஜம். இவர் என் சித்தப்பா. என் பேச்சை நம்பித்தான் இத்தனை பேரும் போட்டார்கள். மிளகாயைக் கழித்தால் நாங்கள் பாதிக்குக் கீழேதான், ஆனால் ரொம்பக் கீழே இல்லை. சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மையார் ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்தார். "பெரிய ஆளோடும் வியாபாரம் செய்வேன், சின்ன ஆளோடும் செய்வேன். காலையில் பெரிதாகவும் மதியம் சின்னதாகவும் இருக்கிறவர்களோடு என்ன செய்வது?"

பிறகு முதலாளியும் அவரும் வேப்பமரத்தடியில் வெகுநேரம் பேசினார்கள். ஒப்பந்தம் உண்டு. ஆனால் வரி என்று ஒன்று வந்தால் ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும். பயிர்ப் பரப்பை இப்போதைக்குக் கூட்டக் கூடாது. சித்தப்பா புதிதாக உழுதுவைத்திருந்த காட்டில் மறுபடி கேழ்வரகே போட்டார். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பின்னாளில் அந்த நாடு எங்கள் நாட்டுக்கே சலுகையை மொத்தமாக எடுத்துவிட்டது. வெள்ளரி மட்டுமல்ல, சலுகையில் இருந்த எல்லாச் சரக்குக்கும்தான். ஆளுக்குப் பாதி என்ற ஏற்பாடு இருந்ததால் நாங்கள் தடுமாறினோமே தவிர விழவில்லை. (அந்த யோசனை தன்னுடையது என்று முதலாளி இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார்.) அது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே நடந்த சமாச்சாரம், அதற்கும் நான் போட்ட படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வீட்டில் எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. எங்கள் சொந்தத்தில் யாராவது பிள்ளையின் மார்க்கைப் பெருமையாகச் சொன்னால், "மெதுவாச் சொல்லு, வரி போட்டுருவான்" என்று நாலு குரல் ஒன்றாக வரும்.

போன மாதம் சித்தப்பா மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பாவிடம் சித்தப்பா என்னை அறிமுகம் செய்தார்: "இவ எங்க அண்ணன் பொண்ணுங்க. நம்ம நாட்டுக்கு இருந்த சலுகையெல்லாம் போச்சுல்ல, அது இவளாலதான்."

சம்பந்தி எழுந்து நின்று கும்பிட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, அப்ப இந்த சமையல் எண்ணெய் விலை ஏறிக்கினே போவுதே, அதுவும் நீங்கதானா?"

கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மனிதர் நிஜமாகவே கேட்டார்.