எவரிஸ்தோவின் ஈயக்குண்டுகள்

மலைப்படிக்கட்டின் முதல் வளைவுக்கு வருவதற்குள்ளேயே எவரிஸ்தோவின் கால்சட்டை நழுவத் தொடங்கிவிட்டது. மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை இரண்டு பையிலும் நிரப்பிக்கொண்டு நடந்தால் எந்தக் கால்சட்டைதான் நிற்கும்?

எல்லாம் வீட்டு எடை மெஷின் செய்த வேலை. இதயம் பலவீனமான இந்த வயதில் சதை கரையக் கூடாது, கரைந்தால் கட்டிலில் போட்டுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று மலைமேல் ஆஸ்பத்திரி டாக்டர் போன மாதம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து முள் இறங்கிக்கொண்டே போகிறது. மனைவி ஒர்ட்டென்சியா அந்த நாளிலிருந்து உப்பில்லாமல் ஆக்கிப்போடும் மீனையும் பீன்ஸையும், ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று முணுமுணுத்தாலும், அவர் மிச்சம் வைப்பதில்லை. ஆனாலும் முள் ஏறுவேனா என்கிறது. அதே ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்த அவருடைய அண்ணன் வீடு திரும்பவே இல்லை. அதனால்தான் மறுபடி எடை பார்க்கும் இந்த நாளில் எவரிஸ்தோவின் பையில் ஈயம்.

சிலி நாட்டு வால்பரைசோ நகரின் மலையேற்றும் லிஃப்ட் போன மாதத்தைப் போலவே அன்றும் ஓடவில்லை. ஆகவே படி.

"இழுத்துக் கட்டுங்க. ஊரே பார்க்குது," என்றாள் ஒர்ட்டென்சியா.

பெல்ட்டை இறுக்கினார். பையின் தையல் விட்டது. ஒரு குண்டு டொக் டொக்கென்று உருண்டு ரொட்டிக்காரர் காலடியில் போய் நின்றது. அவள் இறங்கிப் போய்ப் பொறுக்கி வந்தாள். இனிப் பையை நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் காலுறைக்குள் திணித்துக்கொண்டு மேலே ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் மாகலி அவர் காலைப் பார்த்ததும் முகம் மாறினாள். கணுக்கால் இரண்டும் பூசணிக்காய்.

"எப்பலேர்ந்து இப்படி வீங்கியிருக்கு ஐயா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதய நோயாளிக்குக் கால் வீங்கினால் உடம்பில் நீர் கோத்துவிட்டதென்று அர்த்தம். மெலிந்தாலும் கட்டில், வீங்கினாலும் கட்டில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

"கொசு கடிச்சிடுச்சும்மா."

"ரெண்டு காலையுமா?"

"பெரிய கொசு."

எடை மேடையில் ஏற்றினார்கள். முள் எகிறியது. மாகலி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஒர்ட்டென்சியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கணுக்காலை அழுத்தினார். வீங்கிய கால் என்றால் விரல் பள்ளமாக இறங்கும். இந்தக் கால் விரலைத் திருப்பி அனுப்பியது. அவர் காலுறையை உருட்டி இறக்கி, குண்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மறுபடி எடை பார்த்தார். போன மாதத்தைவிட நன்றாகவே குறைவு. பிறகு தன் கையைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். எவரிஸ்தோ பயத்தில் அமுக்கினார். டாக்டர் கையை உதறிக்கொண்டு, மாகலியிடம் ஏதோ கேட்டபடி வெளியே போய்விட்டார்.

"ரெண்டு சிட்டிகை உப்பு போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருப்பீங்க. நான்தான் பாவி," என்று ஒர்ட்டென்சியா அழுதாள். நாற்பது வருஷமாக அவளிடம் வாயாடியவர் அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாகலி திரும்பி வந்தாள். எந்த வார்டு, போர்வை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமா என்று ஒர்ட்டென்சியா கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

"வார்டா? டாக்டரே கைக்கு ஐஸ் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. போன மாசம் வெறுங்கையோட மூச்சு வாங்க உட்கார்ந்து உட்கார்ந்து ஏறின மனுஷன், இன்னிக்கு இத்தனை ஈயத்தைக் கட்டிக்கிட்டு மூச்சே வாங்காம ஏறி வந்திருக்காருன்னா, உங்க உப்பில்லாச் சமையல்ல கரைஞ்சது சதையில்லம்மா, கோத்திருந்த தண்ணி."