பழைய வீட்டு நம்பர்

மகளின் லேப்டாப்புக்கு முகவரி கிடைத்தது, இன்டர்நெட் கிடைக்கவில்லை. நான்கு மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. மொபைல் சிக்னலோ வாசலைத் தாண்டி உள்ளே வராது.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானேப்பா இருந்துச்சு?"

கணக்கு வாத்தியார் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். நன்றாக இருந்த ரூட்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு இன்டர்நெட்டுக்கு வாசலாக்கியவர் அவர்தான். வருகிற ஃபோன், லேப்டாப்புக்கெல்லாம் தானாகவே முகவரி எண் கொடுக்கும் டி.எச்.சி.பி.யைக் காலையில்தான் அமைத்திருந்தார். அண்ணனும் அவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து கற்ற வித்தை. அந்த அண்ணன் இப்போது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம். வீட்டைப் பிரித்து நான்கு வருஷம், பேச்சு கிடையாது.

முகவரியின் நடுவில் பதினான்கு போட்டிருந்தார். சின்ன வயதில் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு எண். துருவிப் பார்த்தால், இன்னொரு மெஷினும் அதே பதினான்கில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதனிடம் முகவரி வாங்கியதற்கெல்லாம் இன்டர்நெட் இல்லை.

எவனோ புகுந்துவிட்டான் என்று இருபத்தேழுக்கு மாற்றினார். பள்ளிக்கூடம் போன பஸ்ஸின் நம்பர். ஐந்தே நிமிஷத்தில் அந்த மெஷினும் இருபத்தேழுக்கு வந்து, மனைவியின் டிவியையும் நிறுத்தியது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். மிச்சமிருந்த ஒரு ஃபோனும் போயிற்று. மனைவி ரிமோட்டைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் பயமாக இருந்தது.

மூன்றரைக்கு, அவர் கைவைக்காமலே, அந்த மெஷின் நாற்பத்தொன்றுக்குத் தாவியது. வாத்தியார் திரையையே பார்த்தார். அண்ணனும் அவரும் தங்கிப் படித்த ஹாஸ்டல் அறையின் எண். இந்த வரிசை உலகத்தில் இன்னொருவருக்குத்தான் தெரியும்.

ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். ஒரே வீடாக இருந்தபோது, சேர்ந்து கேம் ஆட இருவரும் இழுத்த ஒயர் தூசி படிந்து நடுச்சுவரைத் தாண்டி அண்ணன் பக்கம் போனது. கட்டிங் பிளேயரை வைத்தார். ஒரு நறுக்குப் போதும். கை வரவில்லை. பெண்ணின் வேலையிலா வீம்பு காட்டுவான் என்று ஆத்திரம் வந்தது. அந்த நாற்காலியும் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போதுதான் அண்ணி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"அண்ணி, அவர் நெட் ஓடறதுக்கு என் பொண்ணு வேலைதானா கெடைச்சுது? நிறுத்தச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல நெட்டே கிடையாது தம்பி. காலையில கம்ப்யூட்டர்ல பழைய வீட்டு நம்பர் வந்துச்சாம். தம்பி கூப்பிடறான்னு பதில் போட உக்காந்தவர், இன்னும் சாப்பிடக்கூட எழுந்திருக்கல."