ஒட்டா, ஓட்டா?

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் தாமான் குடியிருப்பின் திடலில் நிற்கும் மாமரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று குடியிருப்பாளர்கள் ஓட்டுப் போடுவதாக இருந்தது.

2. பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள்.

3. மரத்தின் தலையை அதற்குள் யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

4. வெட்டியவர், அந்த மரத்தின் மேல் தாமானிலேயே ஆசை வைத்திருந்த ஒரே மனிதர்.

5. வெட்டுப்பட்ட கிளை ஒவ்வொன்றின் நுனியிலும் ஐஸ்கிரீம் பிளாஸ்டிக் மாட்டியிருந்தது.

6. வெட்டியவர் எங்கள் எல்லாருக்கும் நன்றி சொன்னார்.

நான் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏதாவது கோளாறு வந்தால் முதலில் நடந்ததை வரிசையாக எழுது, காரணத்தைப் பிறகு தேடு என்பார்கள். இந்தக் கோளாறில் தேட ஒன்றுமில்லை. காரணம் ஒட்டு அண்ணன்.

ஈப்போ முழுவதிலும், கையில் கத்தியோடு யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து, நல்ல பெயரோடு வெளியே வரக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். அவருடைய தொழில் கேஸ் தோங் போடுவது. சமையல் எரிவாயு உருளையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். கத்தி தொழிலுக்கானது அல்ல. அது மாமரத்துக்கு.

எங்கள் தாமான் இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். அங்கே ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் வேலையில் இருந்தவர் அவர். தோட்டம் போய் வீடுகள் வந்தன. கைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ரப்பர் இல்லாவிட்டால் மா என்று அது பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது. அவர் வாங்கிய வீடோ வரிசையின் நடுவில் இருப்பது; முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை சிமெண்டு. அவருக்குச் சொந்தமான மண் என்பது செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவது மட்டுமே. அதனால் மற்றவர்கள் வீட்டு மரங்களில் கைவைத்தார்.

விஷயம் எளிமையானது. நல்ல சாதி மரத்தில் தளிர் விடப்போகும் நுனியாகப் பார்த்து வெட்ட வேண்டும். அதைச் சீவி, இன்னொரு மரத்தின் கிளையை வெட்டிப் பிளந்து அதில் செருகி, டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். காய்ந்துவிடாமல் இருக்க மேலே ஓர் உறை. நீளக் குழாய் மாதிரி உறையில் வரும் ஐஸ்கிரீமின் பிளாஸ்டிக்தான் அதற்குச் சரி என்பது அண்ணனின் முடிவு. அதற்காகவே தாமான் பிள்ளைகளுக்கு வாரி வாரி ஐஸ் வாங்கிக் கொடுப்பார்.

“அடியில கடிக்காதீங்க! மேல மட்டும் வெட்டித் தின்னுங்க!” என்று பக்கத்திலேயே நிற்பார்.

“புள்ளைக்கு இருமல் வந்துருச்சு அண்ணே” என்று தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள்.

“இருமல் போயிரும்லா. பிளாஸ்டிக் எங்க?”

இவ்வளவு செய்கிறாரே, பெரிய நிபுணர் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஒட்டியதில் பாதி கறுத்துப் போகும். கறுத்ததைப் பற்றி அவர் பேசமாட்டார். பேசினாலும் புரியாது. இரண்டு கையும் வேலையாக இருப்பதால், டேப்பின் ஒரு நுனியை எப்போதும் பல்லில் கடித்திருப்பார். கடித்துக் கடித்து, வேலை இல்லாத நேரத்திலும் டேப் வாயிலேயே தங்கிவிட்டது. அவர் பேச்சில் பாதியை நாங்கள் கேட்டோம், மீதியை ஊகித்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அம்மா அவசரமாகத் தோங் கேட்டிருந்தார். அண்ணன் வந்தார். வண்டியை நிறுத்தினார். நேராகப் பின்பக்க மரத்துக்குப் போனார்.

“அண்ணே, கொழம்பு பாதியில நிக்குது!”

“இந்தா வாரேன் தங்கச்சி, இங்க பட்டை பாதியில நிக்குது!”

வேலை முடிந்த திருப்தியில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோங் வண்டியிலேயே இருந்தது. மாலையில் அப்பா வந்து சாப்பாடு எங்கே என்று கேட்டபோது, “கேஸ் கேட்டா கெளைய வெட்டிட்டுப் போயிட்டாரு” என்றார் அம்மா. அன்று இரவு தாமான் பாயின் உணவகத்தில் ரொட்டி சானாய்தான் சாப்பாடு.

அப்படி அவர் எங்கள் வீட்டு மரத்தில் ஒட்டியது ஹாருமானிஸ் என்ற இனிப்பு மா வகை. பெர்லிஸ் மண்ணில் விளையும் அந்தப் பழத்துக்கு இருக்கும் மவுசு எங்கள் அப்பாவுக்கும் தெரியும். மரம் காய்த்ததும் சொந்தக்காரர்களை வரவழைத்தார். மாமா ஒரு துண்டைக் கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“கொஞ்சம் புளிக்குது மச்சான்.”

“அதான் ஒரிஜினல்” என்றார் அப்பா.

உண்மையில் ஒட்டு எப்போதோ செத்துவிட்டிருந்தது. அதற்கு அடியிலிருந்து முளைத்த பழைய மரத்தின் கிளைதான் காய்த்தது. அடியில் முளைப்பதை உடைத்துவிடச் சொல்லியிருந்தார் அண்ணன். அப்பா பாவம் பார்த்து விட்டுவிட்டார். அண்ணன் இதை என்னிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் சொல்லவில்லை. “பெரும பேசிட்டாரு, விடும்மா” என்றார். அப்பா வருடா வருடம் அந்த ஹாருமானிஸில் ஊறுகாய் போட்டார்.

சாவு வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அண்ணன் மாலையோடு போனார். வாசலில் ஒரு மாமரம். நிமிர்ந்து பார்த்தார். நுனியெல்லாம் தளிர் விரிந்து செம்பு நிறத்தில் தொங்கியது. விரிந்துவிட்டால் ஒட்டுக்கு ஆகாது. அண்ணன் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

“போன வாரமே வந்திருக்கணும். உயிரோட புடிச்சிருக்கலாம்.”

அதுவரை கொஞ்சம் அடங்கியிருந்த அந்த வீட்டம்மா மறுபடி கதறினார். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இவ்வளவு பாசமான மனிதரா என்று அந்தத் தெருவில் இன்றுவரை அவருக்கு மரியாதை.

அவர் போக்கைப் பார்த்து, “அண்ணே, ஒங்கள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்று யாராவது கிண்டல் செய்வார்கள். மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் எங்கள் பேராக் மாநிலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அண்ணன் கோபப்படமாட்டார். “போயிட்டு வந்துட்டேன்லா. போற வழியில ரோட்டோரமா ஒரு மரம் நிக்கிது பாரு, காய் ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு” என்று சட்டைப் பையிலிருந்து ஈரத்துணி சுற்றிய குச்சியை எடுத்துக் காட்டுவார்.

இத்தனை மரங்களில் கைவைத்தவருக்குக் கிடைக்காதது திடல் மரம் ஒன்றுதான். அது யாரும் நடாமல் தானாக முளைத்த மரம். காய் சிறியது, நாரும் புளிப்பும். ஆனால் அடிமரம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். சொந்த மண் இல்லாத மனிதருக்கு அந்தப் பொது மண்ணின் மேல் தீராத ஆசை. ஒட்டுப் போட அனுமதி கேட்டு வருடக்கணக்காகத் தாமான் தலைவரிடம் நடந்தார். தலைவர் உணவகம் நடத்துகிறவர், எல்லாருக்கும் பாய். “பாப்போம் அண்ணே” என்பார் பாய். அவர் உண்மையில் பார்த்தது தன் புதுக் காரை. மரத்தடியில் நிறுத்திய அந்தக் காரின் கூரை, மாங்காய் விழுந்து விழுந்து அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டிருந்தது. லோங்காங் சாக்கடையில் இலை அடைக்கிறது, கொசு வருகிறது என்று புகார் சொல்ல வேறு சிலரும் இருந்தார்கள். சத்தமில்லாமல் ஓட்டெடுப்புக்கு நாள் குறித்தார் பாய்.

அவர் தொலைபேசியில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தாமான் வாட்ஸ்அப்பில் போட்டார். ஞாயிறு பத்து மணி, பாடாங் மாமரம் ottu, எல்லாரும் வரவும். பாடாங் என்றால் திடல்.

ஆங்கில எழுத்தில் அடித்தால் ஓட்டும் அதுதான், ஒட்டும் அதுதான். தாமானே ஓட்டு என்று படித்தது. ஒருவர் மட்டும் ஒட்டு என்று படித்தார். வருடக்கணக்கில் கேட்டது கிடைத்துவிட்டது. ஊரே கூடி ஒட்டுப் போடக் கூப்பிடுகிறது. அந்த வாரம் முழுக்க அவர் தோங் போட்டதைவிட வீடு வீடாகப் படி ஏறியதுதான் அதிகம்.

“தங்கச்சி, ஞாயித்துக்கெழம ஒட்டு. ஒங்க வீட்டுலேர்ந்து ஒண்ணு வேணும்” என்றார் அம்மாவிடம், டேப்பைக் கடித்தபடி.

“கண்டிப்பா அண்ணே. வீட்டுக்கு ஒண்ணுதானா?”

“பெருசா இருந்தா ரெண்டு கூட எடுத்துக்குவேன்.”

“எங்க மூத்தவ பெருசாயிட்டாளே, அவளதும் சேத்துக்குங்க.”

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். அப்பா ஓடிப்போய், “ஹாருமானிஸ்ல எடுங்க அண்ணே” என்று கிளையைக் காட்டினார். முகத்தில் ஒரு சின்ன அசைவும் இல்லாமல் அந்தப் புளிப்புக் கிளையில் ஒரு நுனியை வெட்டிக்கொண்டார் அண்ணன்.

இப்போது ஞாயிறு பத்து மணி. பாய் மரத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

“என்னா அண்ணே இது? ஓட்டே இன்னும் போடலயே!”

“போட்டாச்சு பாய்! விடியறப்பவே ஆரம்பிச்சிட்டேன். எல்லா வீட்டுதும் போட்டாச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றிலா.”

“எல்லா வீட்டுதுமா? நீங்க ஒருத்தரேவா?”

“பின்ன? ஒதவிக்கு யாரும் வரல.”

“அதெப்படி அடுத்தவங்களத நீங்க போடுவீங்க?”

“அவங்கதானே குடுத்தாங்க! கேட்டுப் பாருங்க.”

கூட்டத்தில் ஓர் அக்கா பதறிப்போனார். “அண்ணே, அப்ப எங்க வீட்டுது?”

“மூணாவது கெள அக்கா. கவலப்படாதீங்க, நல்லா புடிக்கும்.”

“எந்தக் கட்சிக்குப் போட்டாராம்?” என்று அப்பா என் காதில் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொலைபேசியை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். “அண்ணே, இது ஒட்டு இல்ல, ஓட்டு. மரத்த வெட்டலாமா வேணாமான்னு கேக்கறதுக்கு.”

வாயிலிருந்த டேப் கீழே விழுந்தது.

“வெட்டவா?” என்றார்.

அவர் பேசி எல்லாருக்கும் தெளிவாகக் கேட்ட முதல் சொல் அது.

“நான் நீங்க எல்லாரும் சேந்து கேக்குறீங்கன்னு நெனச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு, கத்தியைக் காற்சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாய் தொண்டையைச் செருமினார். “சரி, வந்தது வந்துட்டோம். மரத்த வெட்டணும்ங்கறவங்க கை தூக்குங்க.”

சற்றுமுன் பதறிய, கொசுவைப் பற்றிப் புகார் சொல்லியிருந்த அதே அக்கா, பாதி தூக்கிய கையை அப்படியே நிறுத்தினார். “பாய், மரத்த வெட்டினா எங்க வீட்டுக் கெளயும் போயிருமா?”

“மரம் போனா கெள எங்க நிக்கும்?”

“அப்ப வேணாம்லா.”

கை இறங்கியது. இன்னொருவர் தன் வீட்டு நுனி எது என்று விசாரித்தார். தன்னுடையதற்கு வெயில் நேராகப் படுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார் மூன்றாமவர். வெட்ட வந்தவர்கள் அத்தனை பேரும் மரத்தடியில் அண்ணாந்து நின்று, தங்கள் பிளாஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாய் தனியாக நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “எங்க வீட்டுது எது?”

“ஒங்க வீட்டுல மரமே இல்லயே பாய். முன்னாடி பின்னாடி எல்லாம் சிமெண்டு.”

பாயின் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் சங்கடப்பட்டார். சிமெண்டு வீட்டுக்காரனின் கஷ்டம் அவருக்குத் தெரியாததா? மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒட்டுகள் பிடிக்கும்வரை மரம் பட்டினி கிடக்காமல் இருக்க, பழைய கிளை ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார். அது சரியாகப் பாயின் காருக்கு மேலே இருந்தது.

“இது ஒங்களுது பாய்.”

பாய் கிளையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி கிளையைப் பார்த்தார். “கார வேற எடத்துல போட்டுக்கறேன்” என்றார்.

நான் இப்போது வேலைக்காகத் தஞ்சோங் மாலிம் என்ற வேறு ஊரில் இருக்கிறேன். செய்திகள் அப்பா மூலம் வருகின்றன. மரம் நிற்கிறது. ஓட்டு இன்னும் போடவில்லை. ஒட்டியதில் வழக்கம்போல் பாதி பிடித்திருக்கிறது. புதுக் கிளைகள் வளர்ந்துவிட்டதால் பழையதை வெட்ட வேண்டும் என்கிறார் அண்ணன். என் கிளையில் யாரும் கைவைக்கக் கூடாது என்கிறார் பாய். எங்கள் வீட்டு நுனி கறுத்துப் போனது. அண்ணன் அப்பாவிடம் அது தூங்குவதாகச் சொல்லிவிட்டு, எங்கிருந்தோ நிஜமான ஹாருமானிஸ் நுனி ஒன்றைக் கொண்டுவந்து அதே இடத்தில் மாற்றிச் செருகியிருக்கிறார். என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: “இனிமே ஒங்கப்பா சொல்றது உண்மையாயிரும்லா.” அதில் இரண்டு இலை விட்டிருப்பதாக அப்பா படம் அனுப்பியிருந்தார்.

இங்கே என் வாடகை வீட்டின் முன்னால் ஒரு மாமரம் இருக்கிறது. கேஸ் தோங் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது. கொண்டு வருகிறவர் மாட்டிக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார். ஒருநாள்கூட மரத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.